படம் எடுப்பது ஒருவர், சுவரில் மாட்டுவது பலர்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை வழியாகத் தேக்கா வரை நடந்தால், கேமராவும் கையுமாக நிற்பவர்களைப் பார்க்காமல் வர முடியாது. பெருமாள் கோயில் கோபுரம், பூக்கடை, காய்கறிக் கூடைகள், புல்வெளியில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும் வெளிநாட்டு ஊழியர்கள் என எல்லாமே படமாகின்றன. தீபாவளி ஒளியூட்டு தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு படங்களில் எத்தனை கைப்பேசியை விட்டு வெளியே வந்து ஒரு சுவரில் தொங்குகின்றன? அப்படித் தொங்கினாலும், படத்தில் இருப்பவரின் பெயர் அதன் கீழே இருக்கிறதா? நம்மவர்களைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் பெரியது.

கண்காட்சி வேறு வேலை

நல்ல படங்கள் கையில் இருந்தால் கண்காட்சி வைத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் படம் எடுத்து முடிந்த பிறகுதான் அந்த வேலை ஆரம்பமாகிறது. 500 படங்களை 20 ஆகக் குறைக்க வேண்டும். சிறிய 4ஆர் அளவில் பிரதி எடுத்துத் தரையில் பரப்பி, எது முதலில், எதற்குப் பக்கத்தில் எது என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். எந்தப் படத்தைப் பெரிதாக்குவது, எந்தத் தாளில் அச்சிடுவது, சட்டம் போடுவதா வேண்டாமா, சுவரில் எந்த உயரத்தில் மாட்டுவது, கீழே என்ன எழுதுவது என்று ஒவ்வொன்றுக்கும் முடிவு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணமும் வேண்டும்.

இதில் மிகக் கடினமானது படங்களைக் கழிப்பதுதான். மழையில் மூன்று மணி நேரம் நின்று எடுத்த படத்தைத் தூக்கிப்போட எடுத்தவருக்கு மனம் வராது. பார்ப்பவருக்கோ அந்த மழையும் தெரியாது, மூன்று மணி நேரமும் தெரியாது. இதுவும் அதுவும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன, ஒன்றை எடுத்துவிடு என்று முகத்துக்கு நேரே சொல்ல இன்னொருவர் தேவை. பாராட்டும் நண்பர்கள் எளிதாகக் கிடைப்பார்கள். இப்படிச் சொல்லக்கூடியவர்களைத் தேடித்தான் போக வேண்டும்.

நடந்து போகும் தூரத்தில்

ஃபேரர் பார்க்கிலிருந்து ரோச்சோர் பக்கம் நடந்தால் அப்படிப்பட்டவர்கள் கூடும் இடங்கள் வருகின்றன. மிடில் ரோட்டில் பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் இயங்குகிறது 'அப்ஜெக்டிஃப்ஸ்'. புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்குமான இந்த நிலையம் 2003ல் தொடங்கப்பட்டது. இங்கே கண்காட்சி, பயிலரங்கு ஆகியவற்றுடன், புதிதாக வருபவர்களை அனுபவசாலிகளோடு சேர்த்துவிடும் வழிகாட்டித் திட்டங்களும் நடந்து வந்திருக்கின்றன.

பிரின்செப் ஸ்திரீட்டில் 'டெக்' 2014ல் தொடங்கியபோது அதற்கென்று கட்டடமே கிடையாது. 19 சரக்குக் கொள்கலன்களை அடுக்கிக் காட்சிக்கூடமாக்கினார்கள். நிரந்தரக் கட்டடம் எழுப்புவதற்காக அவை பின்னர் அகற்றப்பட்டன. இதை நடத்துபவர்கள் பின்னணியில் இருக்கும் சிங்கப்பூர் அனைத்துலகப் புகைப்பட விழா 2008லேயே தொடங்கிவிட்டது. அந்த விழாவில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கக்கூடிய அழைப்பு உண்டு. படத் தொகுப்பைக் கொண்டுபோய் வல்லுநர்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்கும் அமர்வுகளும் உண்டு. புதியவருக்குப் பரிசைவிட இந்த அமர்வுகள்தான் பயன் தரும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எந்தப் படத்தில் நின்றார், எதை வேகமாகத் தள்ளினார் என்று கவனித்தாலே பாதிப் பாடம் கிடைத்துவிடும்.

இடமே இல்லாமலும் ஒரு சமூகம் உருவாகலாம். 'பிளாட்ஃபார்ம்' என்ற குழு, மாலை நேரங்களில் கூடி ஒருவர் படங்களை மற்றவர்களுக்குக் காட்டிப் பேசும் சந்திப்புகளை நடத்தியது. நாட்டின் 50வது பிறந்தநாளான 2015ஐ ஒட்டி, 20 புகைப்படக் கலைஞர்களின் படைப்புகளை 20 சிறு புத்தகங்களாகவும் அது கொண்டுவந்தது. தனி ஒருவரால் இது ஆகிற காரியமா?

இடிபடப்போகும் வீவக புளோக்குகளைத் தேடித் தேடிப் படமாக்குபவர் டேரன் சோ. நம் பகுதிக்கு அருகில் வண்ண வண்ணமாக நின்ற ரோச்சோர் சென்டர் இப்போது இல்லை. அங்கே குடியிருந்தவர்களுக்கு அதுபோன்ற படங்கள் வெறும் கலையாக மட்டும் தெரியாது. அது அவர்கள் வீட்டு முகவரி.

மீன் விற்ற அம்மாவின் படம்

தமிழ்ப் புகைப்படக் கலைஞர்களில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனி குமார். அவருடைய அம்மா மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தவர். கடன் வாங்கித்தான் வீட்டுக்குள் முதல் கேமரா வந்தது. அம்மாவையே அவர் பல ஆண்டுகள் படமெடுத்து, பின்னர் கட்டுரையாகவும் எழுதினார்.

துப்புரவுத் தொழிலாளர்களின் நிலையைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். படம் முடிந்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் உயிரிழந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்தார். ராமநாதபுரக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்கள் என அவர் வேலை விரிந்தது.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய 'பாரி' என்ற கிராமப்புற ஆவணக் காப்பகம் அவரைப் பணியாளராகச் சேர்த்துக்கொண்டது. 2022ல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது பெற்றவர் இவர்தான். மூத்த கலைஞர் ஒருவர் தன் பெயரில் விருது ஏற்படுத்துவதும், அது கடன் வாங்கிக் கேமரா வாங்கிய ஒருவரின் கைக்குப் போய்ச் சேருவதும்தான் ஆதரவான சமூகம் என்பதற்கு நடைமுறை அர்த்தம்.

தனக்குக் கிடைத்ததை அவர் அடுத்தவர்களுக்கும் கொடுத்தார். வடசென்னை இளையோருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் எடுத்த படங்கள் கண்காட்சியாயின. வெளியிலிருந்து வருபவர்கள் வடசென்னையைப் படமெடுப்பதற்கும், அங்கே வளர்ந்த பிள்ளை தன் தெருவைப் படமெடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர் இல்லாத முகங்கள்

தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 1867ல் சிங்கப்பூரில் தொடங்கிய லாம்பெர்ட் ஸ்டூடியோ, ஊர்க்காட்சிகளையும் இங்கு வாழ்ந்த பல இன மக்களின் படங்களையும் பயணிகளுக்கு விற்றது. 1900 வாக்கில் அதனிடம் சுமார் 3,000 காட்சிகள் இருந்தன. அவற்றில் தமிழரும் உண்டு. பெரும்பாலும் இனத்தின் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது.

இலங்கையிலும் அதே கதைதான். புகழ்பெற்ற ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1875ல் அங்கே குடியேறி, 1879ல் மலையகத் தோட்டம் ஒன்றில் காலமானார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்கள், அறிஞர்களின் படங்களில் பெயர்கள் இருக்கின்றன. இலங்கையில் அவர் கேமரா முன் நின்ற தொழிலாளர்கள் யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று இன்று கண்டுபிடிக்க வழியில்லை. அழகான படங்கள்தாம். பேரப்பிள்ளைகள் தேடி வந்தால் கையில் எதுவும் கிடைக்காது.

பழனி குமார் பணியாற்றும் 'பாரி'யில் படங்களோடு பெயர், ஊர், செய்யும் வேலை எல்லாம் சேர்ந்தே வருகின்றன. கண்காட்சிக்குத் தயாராகும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சட்டமும் விளக்கும் பிறகு வரட்டும்.

கேம்பல் லேனில் 2015ல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குப் போகிறவர்கள், பழைய குடும்பப் படங்களின் முன் மற்ற இடங்களைவிடச் சற்று நேரம் கூடுதலாக நிற்கலாம். அத்தகைய படங்கள் பல வீடுகளில் இன்னும் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கின்றன. பாட்டி இருக்கும்போதே அவற்றை வெளியே எடுத்து, இவர் யார், இது எந்தத் தோட்டம், எந்த புளோக், எந்த ஆண்டு என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெதுவாக எழுதி வைக்கலாம். பேனா வேண்டாம். மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும்.