வட்டு கையில், உரிமை யாரிடம்?

ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரம் பள்ளியோ கிளினிக்கோ நடத்துபவரிடம் "உங்க வெப்சைட் யாரிடம் இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிடியை எடுத்துக் காட்டுவார். செய்து கொடுத்தவர் எப்போதோ ஊர் மாறியிருப்பார்.

அந்த சிடியைப் போட்டால் பெரும்பாலும் எதுவும் ஓடாது. பிஎச்பியில் எழுதிய செயலிக்கு சர்வரும் தரவுத்தளமும் வேண்டும். ஒருமுறை எழுதிய சிடியில் புதிய பதிவு ஏறாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மரங்களை இனங்காணும் வழிகாட்டியை சிடியில் வெளியிட்டது. அது பார்த்துத் தெரிந்துகொள்வதற்கானது, சிடியே போதும். மாணவர் சேர்க்கையும் பில் போடுவதும் அப்படியா? கணினியில் எக்ஸ்ஆம்ப் போன்றதொரு சர்வரை நிறுவி, கோப்புகளை வன்தட்டில் நகலெடுத்து, தரவுத்தளத்தை இறக்கிய பிறகே அவை ஓடும்.

ஓடாததைச் சரிசெய்துவிடலாம். உரிமை இல்லாததுதான் வம்பு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, சம்பளத்துக்கு இருப்பவர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளியுடையது. வெளியாள் எழுதிக் கொடுத்தது, முழுப் பணம் கொடுத்திருந்தாலும், பொதுவாக அவருடையதே. ரசீது பணம் கட்டியதற்குத்தான் சாட்சி.

உரிமை கைமாற, 19-வது பிரிவுப்படி எழுத்துமூல ஒப்பந்தமும் அதில் நிரலை எழுதியவருடைய கையெழுத்தும் வேண்டும். அந்தத் தாளில் செயலியின் பெயர், மூலநிரல், வடிவமைப்பு, கொடுக்கும் தொகை எல்லாம் வரட்டும். "பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்" என்று கட்டாயம் எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டாலும் அது போய்விடக்கூடும்; போகாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பதிவு கட்டாயமில்லை, ஆனால் வழக்கு வந்தால் கைகொடுக்கும். டெல்லி துவாரகாவிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையத்திலேயே படிவம் 14-ஐ அனுப்பலாம். கட்டணம் 500 ரூபாய். 2021 திருத்தத்துக்குப் பிறகு மூலநிரலின் முதல் 10, கடைசி 10 பக்கங்களையாவது மறைப்பில்லாமல் தர வேண்டும். எழுதியவர் வேறு ஆள் என்றால் அவருடைய ஆட்சேபமின்மைக் கடிதமும் வேண்டும். ஆள் ஊரில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். 30 நாள் ஆட்சேபக் காலம் முடிந்த பிறகே பரிசீலனை.

வேர்ட்பிரஸ் போன்றவற்றின் மேல் கட்டிய செயலி என்றால் இன்னொரு பொறுப்பும் உண்டு. சொந்த சர்வரில் ஓட்டும்வரை கேள்வியில்லை. வட்டில் பதித்துப் பிறருக்குக் கொடுத்தால் ஜிபிஎல் உரிமத்தின் வாசகத்தையும் மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும். வாங்கியவர் நகலெடுப்பதைத் தடுக்கவும் முடியாது.

சிடியிலுள்ள கான்ஃபிக் கோப்பில் தரவுத்தளக் கடவுச்சொல் அப்படியே இருக்கும். பெற்றோரின் கைபேசி எண்கள் தரவுத்தளத்தில் இருக்கும். அவற்றை நீக்காமல் நாலு பேருக்கு சிடி கொடுப்பது இன்றும் நடக்கிறது. கொடுத்த பிறகு அழிக்க முடியாது, கடவுச்சொல்லையாவது அன்றே மாற்றுங்கள். கடைசியாகச் சொல்வது ஒன்றுதான்: உரிமைத் தாளில் கையெழுத்து விழும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.