இலை ஏன் நீலமானது?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையின் அடிவாரத்தில், மழைக்காலம் வந்தால் வேலியோரப் புதர்களில் செங்காந்தள் ஏறிப் பூக்கும். கண்வலிக்கிழங்குக் கொடி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மொட்டு அவிழும்போது இதழ் பச்சையாக இருக்கும். பிறகு அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறும். சில நாள் கழித்துப் பார்த்தால் பூ முழுக்கச் சிவந்திருக்கும். ஒரே கொடியில் இந்த மூன்று நிலைகளையும் சேர்த்தே பார்க்கலாம். அப்படியானால் இந்தப் பூவை வரையும் ஓவியர் எந்த நாளின் நிறத்தைத் தீட்டுவது? 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அச்சாகி, கையால் வண்ணம் பூசப்பட்ட தாவரப் படங்களை இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்கள் அந்த வண்ணத்துக்காகவே வாங்குகிறார்கள். ஆனால் தாவரவியல் சான்று என்று எடுத்துக்கொண்டால், அந்தப் படங்களில் நம்பிக்கைக்கு மிகக் குறைவாகத் தகுதியுள்ளது வண்ணம்தான். நம்ப வேண்டியது அதற்கு அடியில் கிடக்கும் கறுப்புக் கோட்டை.

படம் உருவான விதத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். ஆந்திரக் கடலோரத்தில் சாமல்கோட்டையில் இருந்த தாவரவியலாளர் வில்லியம் ரோக்ஸ்பர்க், இந்திய ஓவியர்களைக் கொண்டு செடிகளை உயிரோடு வைத்து வரையச் செய்தார். அந்த ஓவியங்கள் கப்பலேறி லண்டன் போய், செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளில் 300 படங்களாக வெளிவந்தன. எட்டி, தேற்றான், வேங்கை, பலாசு என்று நம் வறண்ட காடுகளின் மரங்கள் அவற்றில் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கால லண்டன் வழக்கப்படி வண்ணம் பூசும் வேலை கூலிக்குச் செய்பவர்களிடம் போகும். அவர்களில் பெண்களும் சிறுவர்களும் உண்டு. முன்மாதிரிப் பிரதி ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு மற்றவற்றை நிரப்புவார்கள். பலாசுப் பூவை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. பூசிய வண்ணமாவது நிலைத்ததா என்றால், அதுவும் இல்லை. இலைப்பச்சையைப் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தே உண்டாக்கினார்கள். வெளிச்சம் பட்டுப்பட்டு மஞ்சள் வெளிறிப்போனால் மிஞ்சுவது நீலம். பழைய படங்களில் சில இலைகள் விநோதமாக நீலம் பாரித்துத் தெரிவது இதனால்தான். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுத்த சிவப்பும் வெளிறும். ஈய வெள்ளையோ காற்றிலுள்ள கந்தக வாயு பட்டுக் கறுக்கும். வெள்ளைப் பூ அழுக்குப் பூவாகிவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், உளி அழுத்திய இடத்தில் தடித்து, விட்ட இடத்தில் மெலியும் கோடு மட்டும் அன்று அச்சானபடியே நிற்கிறது. வண்ணம் அதன் விளிம்பைத் தாண்டி அங்கங்கே வழிந்திருக்கிறது.

வண்ணத்தை அத்தனை சுலபமாகத் தள்ளிவிட முடியுமா என்று கேட்கலாம். அழுத்தி உலர்த்திய செடியில் முதலில் போவது பூவின் நிறம்தான். அந்தக் குறையை ஓவியம்தானே தீர்க்கிறது? உண்மைதான். ஆனால் அந்தப் பெருமை செடியின் எதிரே உட்கார்ந்து தீட்டிய மூல ஓவியத்துக்குச் சேர வேண்டியது. அச்சுப் பிரதியில் இருப்பது நகலின் நகல். இதை நன்றாக அறிந்தவர் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ராபர்ட் வைட். நீலகிரிச் செடிகளைப் பற்றிய நூலை அவர் வண்ணத்தோடுதான் வெளியிட்டார். ஆனால் ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் கொண்ட தம் பெரிய நூலை (1838–53) வண்ணமே இல்லாமல் கல்லச்சில் கொண்டுவந்தார். விலை குறைய வேண்டும், படங்கள் பெருக வேண்டும் என்பது அவர் கணக்கு. ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்களின் கோடு அந்தச் சுமையைத் தாங்கியது. கோவிந்துவின் பெயரை ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் சூட்டினார். பிற்காலத்தில் அது வேறொரு பேரினத்தோடு சேர்க்கப்பட்டுவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளியான ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ நூலின் படங்கள் வெறும் கோட்டுப்படங்களாகவே அச்சானவை. லின்னேயஸ் வைத்த பல பெயர்களுக்கு அந்தப் படங்களே இன்றும் மூலச்சான்று. ஒரு பெயர் எந்தச் செடிக்கு உரியது என்ற வழக்கு வந்தால், அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்துத்தான் தீர்ப்பு.

கோடு மட்டும் பொய் சொல்லாதா? சொல்லும். பூவும் காயும் வெவ்வேறு மாதத்தில், வெவ்வேறு கொடியில் எடுத்தவையாக இருக்க, ஒரே கிளையில் வைத்து வரைவது அன்றைய வழக்கம். ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. செங்காந்தளின் சூலகத் தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீளும். இலைநுனி சுருண்டு பற்றுக்கம்பியாகும். நூறு வருடம் கழித்து உலர் மாதிரியை எடுத்துப் பார்த்தாலும் இந்த இரண்டும் மாறாமல் இருக்கும். படத்தை அதோடு ஒத்துப் பார்க்கலாம். நிறத்தை எதோடு ஒத்துப் பார்ப்பது? பெயர் மட்டும் இருந்து படம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குறிஞ்சிப்பாட்டு இருக்கிறது: கபிலர் அடுக்கிய 99 பூக்களில் சில எவை என்று இன்னும் வாதம் ஓயவில்லை. படம் இருந்து குறிப்பு போய்விட்டாலும் அதே கதிதான். பழைய நூல்களைப் பிரித்து ஏடு ஏடாக விற்கும் வியாபாரத்தில் முதலில் தொலைவது குறிப்புள்ள பக்கம். செடி கிடைத்த இடமாக வைட் எழுதிய ‘ஷெவகெரி மலை’ குற்றாலத்தை அடுத்த சிவகிரி. ஏற்காடு இருக்கும், ஆங்கிலேயர் ‘ஷெவராய்’ என்று எழுதிய சேர்வராயன் மலையோடு அதைக் குழப்பிக்கொண்டால், இங்கே இல்லாத செடி இங்கே முளைத்துவிடும்.

சேர்வராயனின் பெயரையே தாங்கிய வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற அரிய மரத்துக்குத் தாவரவியலாளர் கேம்பிள் பெயர் வைத்தது 20-ஆம் நூற்றாண்டில். கைவண்ண அச்சின் காலம் அதற்குள் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கேம்பிள் எழுதத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலில் படமே கிடையாது. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைச் செடிகளுக்கெல்லாம் படம் தேவை என்று திருச்சி தூய வளனார் கல்லூரியின் கே.எம். மேத்யூ பாதிரியார் 1980-களில் முனைந்தபோது வண்ண அச்சு எங்கும் கிடைத்தது. இருந்தும் அவர் நூலில் உள்ளவை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் வரைந்த கோட்டுப்படங்கள்தான்.