தேனீப் பெட்டியை வீட்டிலேயே செய்தல்: மரமும் அளவும்

தேனீ வளர்ப்பானது நிலம் அதிகமில்லாத குடியானவருக்கும் ஏற்றதோர் உபதொழில் என்பதைச் சங்க அங்கத்தினர்கள் அறிவார்கள். ஆயினும் தொழிலைத் தொடங்க விரும்புவோர் பலரைத் தடுத்து நிறுத்துவது பெட்டியின் விலையேயாகும். இழைப்புளியும் ரம்பமும் பிடிக்கத் தெரிந்தவர் எவரும் ஓய்வு காலத்தில் இப்பெட்டியைத் தாமே செய்துகொள்ளலாம். ஆனால் அளவு தவறிய பெட்டியில் வைத்த கூட்டம் நிலைப்பது அரிது. மரமும் உழைப்பும் தேனும் ஒருங்கே நஷ்டமாகும். ஆகையால் கவனிக்க வேண்டியவற்றை இங்கே முறையாகக் கூறுவோம்.

1851-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார் ஓர் உண்மையைக் கண்டு அதைப் பெட்டியில் பயன்படுத்தினார். தேனீ தான் நடந்து செல்வதற்கு வேண்டிய இடைவெளியை அடைக்காமல் விட்டுவிடும்; அதனிலும் பெரிய இடைவெளியில் அடை கட்டும்; சிறிய இடைவெளியைப் பிசின் முதலியவற்றால் அடைத்துவிடும். நம் நாட்டுப் பொந்துத் தேனீக்கு இவ்விடைவெளி சுமார் 8 மில்லிமீட்டர். நம் நாட்டுத் தேனீ உருவில் சிறியதாதலால் அதற்கேற்ற சிறு பெட்டியை நியூட்டன் பாதிரியார் அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்கும் பயிற்சி அளித்தார். அவர் பெயரால் வழங்கும் பெட்டியையே நாம் மாதிரியாகக் கொள்ளலாம்.

முதலாவது மரம். அது இலேசானதாகவும், நன்றாக உலர்ந்ததாகவும், கடும் வாசனை இல்லாததாகவும் இருத்தல் வேண்டும். தேக்கு மிகவும் உத்தமம். விலை அதிகமென்று கருதுவோர் பலா, அயனி முதலியவற்றைக் கொள்ளலாம். மரத்தின் வைரப் பாகத்தையே எடுக்க வேண்டும். வெளிப்புறத்து வெள்ளைப் பாகத்தில் உளு எளிதில் விழும். கணு உள்ள பலகையும் வெடிப்புள்ள பலகையும் தள்ளத்தக்கவை. பழைய பெட்டிப் பலகைகளும் உதவும். எனினும் பூச்சி மருந்து, எண்ணெய், ரசாயனச் சாமான் இருந்தவற்றை எக்காரணத்தாலும் உபயோகிக்கலாகாது. காப்புக் காட்டு மரத்தைத் தொடலாகாது. சொந்த நிலத்து மரமேயாயினும், வெட்டி எடுத்துச் செல்லுமுன் அநுமதி தேவையா என்று வன அதிகாரிகளிடம் கேட்டறிவது நலம்.

பச்சை மரத்தில் செய்த பெட்டி உலரும்போது சுருங்கிக் கோணும். அதனால் 8 மில்லிமீட்டர் இடைவெளி கெடும், சட்டங்கள் ஒட்டிக்கொள்ளும், விரிசல்களில் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். ஆகவே அறுத்த பலகைகளை நிழலில், தரையில் படாமல், ஒன்றுக்கொன்று இடையே சிறு குச்சிகள் வைத்து அடுக்கிச் சில மாதங்கள் காற்றாட விட வேண்டும். ஒரு துண்டை வாரந்தோறும் நிறுத்துப் பார்த்து, எடை குறைவது நின்றபின் வேலையைத் தொடங்கலாம்.

இரண்டாவது அளவு. பெட்டியை முதலில் செய்து பின்பு சட்டத்தை அதற்குப் பொருத்துவது தவறான முறை. சட்டமே முதல்; அதைச் சுற்றியதே பெட்டி. புழு அறைச் சட்டத்தின் வெளியளவு நீளம் 205, உயரம் 140 மில்லிமீட்டர். அதை இரு முனையிலும் 8 மில்லிமீட்டர் விட்டுத் தொங்கவிட வேண்டுமாதலால் அறையின் உள்நீளம் 221 ஆகிறது. 7 சட்டங்களுக்கு, ஒன்றுக்கு 30 மில்லிமீட்டர் இடம் வீதம், உள்ளகலம் 210. சட்டத்தின் மேற்கட்டை இருபுறமும் நீண்டு, சுவரின் உட்புறம் செதுக்கிய படியில் அமர வேண்டும். மேலே வைக்கும் தேன் அறைக்கு நீள அகலம் அதுவே. அதன் சட்டத்தின் உயரம் மாத்திரம் 60. கீழ்ச் சட்டத்துக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவிலும் அதே 8 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் அவசியம்.

பலகையின் கனம் சுமார் 20 மில்லிமீட்டர் இருக்கலாம். மூலைகளை மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தபின் ஆணி அடிக்க வேண்டும். அடிப்பலகை முன்புறம் சற்று நீண்டிருந்தால் தேனீக்கள் வந்திறங்க வசதியாகும். வர்ணம் வெளிப்புறத்துக்கு மட்டுமே; உட்புறம் வெறும் மரமாகவே இருக்கட்டும். பெட்டியைத் தாங்கும் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

பழைய பெட்டிகளை வாங்குவோர் ஒன்றை நினைவிற்கொள்க. 1991, 1992-ஆம் வருஷங்களில் பரவிய தாய் சாக்குப்புழு நோயால் தென்னாட்டில் பெரும்பான்மையான கூட்டங்கள் அழிந்தன. ஆதலின் நோய் கண்ட இடத்துப் பழைய அடைகளைக் கொளுத்திவிட்டு, பெட்டியைச் சுரண்டி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி வெயிலில் உலர்த்திய பின்னரே உபயோகித்தல் தகும்.

இறுதியாகச் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. அவரவர் மனம்போன அளவில் செய்தால் ஒருவர் சட்டம் மற்றொருவர் பெட்டியில் அமராது. வலிவிழந்த கூட்டத்துக்கு அயலார் பெட்டியிலிருந்து புழு அடை கொடுத்து உதவவும் இயலாது. ஆகையால் ஒவ்வொரு சங்கமும் பிழையற்ற மாதிரிப் பெட்டி ஒன்றைத் தன் கட்டடத்தில் வைத்திருப்பதோடு, பலகையையும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்தளிக்கலாம். அங்கத்தினர் தாம் செய்த முதற் சட்டத்தைக் கொணர்ந்து அம்மாதிரியில் தொங்கவிட்டுப் பார்ப்பாராக. அது தடையின்றி அமர்ந்தால், மற்றப் பலகைகளை அறுக்கத் தொடங்கலாம்.