பாகு வைக்காதீங்க, அண்ணி!

அதிரசத்துக்குப் பாகு வைப்பதில் எங்கள் பக்கத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. தீபாவளி வந்தால் போதும், மாடி ஃப்ளாட்டிலிருந்தும் எதிர் ஃப்ளாட்டிலிருந்தும், "கொஞ்சம் வந்து பதம் பார்த்துட்டுப் போங்களேன்" என்று ஆள் வரும். அந்தப் பெருமையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஓட்ஸில் செய்கிற ஒரு சாதாரண இங்கிலீஷ் பலகாரத்திடம் பறிபோனது. அந்தக் கதையையும், அதற்குப் பிறகு வந்த இன்னொரு பெரிய தப்பையும் சகோதரிகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்ற இடத்தில் இருக்கிறாள். நம் ஜனங்கள் நிறையப் பேர் இருக்கிற பேட்டை அது. மகாலட்சுமி கோவில், முருகன் கோவில், இட்லி தோசைக் கடை எல்லாம் உண்டாம். லீவுக்கு அசோக் நகர் வந்தபோது, வழக்கமான சாக்லேட்டோடு பச்சையும் தங்கமுமாக ஒரு தகர டப்பாவும் கொண்டுவந்தாள். மேலே ஒரு சிங்கம் படுத்திருந்தது. தூங்குகிறதாக்கும் என்று நினைத்தேன். இல்லையாம், செத்துக் கிடக்கிறதாம்! சுற்றிலும் பறப்பவை தேனீக்கள். பைபிளில் வரும் சிம்சோன் கதையிலிருந்து எடுத்த படமாம். சாப்பாட்டுச் சாமான் டப்பாவில் செத்த சிங்கத்தைப் போட வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றியதோ!

உள்ளே இருந்தது 'கோல்டன் சிரப்'. பார்த்தால் தேன் மாதிரி. ஆனால் தேனும் இல்லை, வெல்லப்பாகும் இல்லை. கரும்பைச் சுத்திகரித்துச் சர்க்கரை எடுக்கும்போது மிஞ்சுகிற திரவத்தை வீணாக்காமல் இப்படிப் பதப்படுத்தலாம் என்று 1883-ல் சார்லஸ் ஈஸ்டிக் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்தார். ஆப்ரம் லைல் என்பவருடைய ஆலையில். அந்த ஆலை இருந்தது லண்டனில் பிளெய்ஸ்டோ என்ற இடத்தில். "ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்து ஊர்தான் அண்ணி" என்றாள் நாத்தனார், ஏதோ அவளே காய்ச்சி இறக்கின மாதிரி.

இந்தச் சிரப்பை வைத்துச் செய்வதுதான் ஃப்ளாப்ஜாக். ஓட்ஸ், வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, சிரப், அவ்வளவுதான். முட்டை கிடையாது, மைதா கிடையாது, சோடா மாவு கிடையாது. எங்கள் வீடு மாதிரி முட்டை புழங்காத வீட்டுக்கு ரொம்ப வசதி. அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் அவர்கள் பான்கேக்கைச் சொல்வார்கள், அது வேறு. இங்கிலாந்து ஃப்ளாப்ஜாக் என்பது நம் கடலை மிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தங்கை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் இருக்கிறதே, 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது, அது 'நறுக்'கென்று உடைய வேண்டும். இதுவோ கடித்தால் மெத்தென்று இழுத்துக்கொண்டு, மென்று சாப்பிடும்படி இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசம் புரியாமல்தான் மோசம் போனேன்.

நாத்தனார் ஊருக்குப் போன பிறகு, அவள் எழுதிக் கொடுத்த அளவை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வெண்ணெய், சர்க்கரை, சிரப் மூன்றையும் சேர்த்து அடுப்பில் வைக்கவும் என்று இருந்தது. பாத்திரத்தில் சர்க்கரையும் அடியில் தீயும் இருந்தால் நம் கை சும்மா இருக்குமா? கொதிக்க விட்டேன். நுரைத்துப் பொங்கியது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உருட்டுப் பதம் தாண்டிக் கெட்டிப் பதம் வந்ததும், "ஆஹா" என்று ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, அவனில் வைத்து எடுத்தேன். வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. ஆறின பிறகு கத்தி இறங்கவில்லை. அரிவாள்மணையிலும் நறுங்கவில்லை. கடைசியில் என் பெண் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ராத்திரி நாத்தனாரை ஃபோனில் பிடித்தேன். முதல் கேள்வியே, "பாகு வச்சீங்களா?" என்பதுதான். "வைக்காம எப்படிம்மா?" என்றேன். "ஐயோ, பாகு வைக்காதீங்க அண்ணி! வெண்ணெய் உருகி, சர்க்கரை கரைஞ்சா போதும். கொதி வர்றதுக்குள்ள இறக்கிடுங்க!"

விஷயம் இதுதான். கொதிக்கக் கொதிக்கப் பாகிலிருக்கும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் எவ்வளவு குறைகிறதோ, ஆறினபின் அவ்வளவு கெட்டி. கடலை மிட்டாய்க்கு அதுதான் வேண்டும், ஃப்ளாப்ஜாக்குக்கு அதுவே எமன். இன்னொன்று, சாதாரணச் சர்க்கரை ஆறினால் மறுபடி மணல் மணலாகப் பூத்துக்கொள்ளும். கோல்டன் சிரப்பில் சர்க்கரையின் ஒரு பகுதி குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிந்திருப்பதால் பூக்காது. மற்றச் சர்க்கரையையும் பூக்க விடாது. அந்த மெத்தென்ற இழுப்பு வருவது அதனால்தான். நாம் சர்க்கரைப் பாகில் இரண்டு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அதற்கும் காரணம் இதுவேதான். பாட்டி காலத்திலிருந்து செய்கிறோம், ஏன் என்று கேட்டதில்லை.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். ஓட்ஸ் 250 கிராம், வெண்ணெய் 125 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், சிரப் மூன்று மேஜைக்கரண்டி (ஏறக்குறைய 60 கிராம்), உப்பு ஒரு சிட்டிகை. உப்பு போட்ட வெண்ணெய் என்றால் தனி உப்பு வேண்டாம். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் நிறைய இருக்கும், நன்றாகப் பிழிந்து போடுங்கள். நெய் போட்டும் ஒரு தடவை செய்தேன். மணம் பிரமாதம், ஆனால் துண்டு நிற்காமல் உதிர்ந்தது.

ஓட்ஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடையில் நாலைந்து விதம் வைத்திருக்கிறார்கள். அகலமான, தட்டையான 'ரோல்டு ஓட்ஸ்' கேட்டு வாங்குங்கள். மூன்று நிமிஷத்தில் கஞ்சியாகிற தூள் ரகம் கொழகொழவென்று கேக் மாதிரி ஆகிவிடும். 'ஸ்டீல் கட்' என்று நொய் மாதிரி வருவது பல்லை உடைக்கும். மசாலா ஓட்ஸ் வேண்டவே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஒரு மாமி அதிலும் செய்து பார்த்தார்!

எட்டு அங்குலச் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள். அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெய், சர்க்கரை, சிரப் மூன்றையும் சின்னத் தீயில் வைத்துக் கிளறி, உருகிக் கலந்ததும் இறக்கி, ஓட்ஸைக் கொட்டி எல்லா இதழிலும் ஈரம் படும்படி கிளறுங்கள். தட்டில் பரப்பிக் கிண்ணத்தின் அடியால் அழுத்துங்கள். இளக்கமாக விட்டால் உதிரும். இறுக்கித் திணித்தாலோ பலகைதான்.

அவனை முதலிலேயே 160 டிகிரிக்குச் சூடாக்கி வைத்து, 25 நிமிஷம் விட வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஓரம் மட்டும் பொன்னிறமாகி, நடுப்பகுதி இன்னும் வேகாத மாதிரி மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். "நடுவுல வேகலையே" என்று இன்னும் பத்து நிமிஷம் வைத்தால் பிஸ்கோத்துதான். 180 டிகிரி வைத்தாலும் மொறுமொறுப்பாகிவிடும். சிலருக்கு அதுதான் பிடிக்கும், அது வேறு விஷயம். எடுத்த ஐந்து நிமிஷத்தில் கத்தியால் பதினாறு துண்டுக்குக் கோடு போட்டுவிட்டு, தட்டோடு முழுக்க ஆற விடுங்கள். சூட்டோடு எடுத்தால் உப்புமா! நம் ஊர் வெயில் காலத்தில் எவ்வளவு நேரமானாலும் இளகியே இருக்கும். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்து வெட்டினால் ஒழுங்காக வரும்.

அவன் இல்லாதவர்கள் குக்கரிலும் செய்யலாம். காலிக் குக்கரில் உப்போ மணலோ ஓர் அங்குலம் பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, காஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி பத்து நிமிஷம் காய விட்டு, உள்ளே வட்டத் தட்டை வைத்து, சிம்மில் அரை மணிக்கு மேல் விடுங்கள். மேலே நிறம் அவ்வளவாக வராது. ருசியில் குறை இல்லை.

டப்பா தீர்ந்தபோது சிரப்புக்கு என்ன செய்வது என்று முழித்தேன். பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். இப்போது வீட்டிலேயே காய்ச்சுகிறேன். 50 கிராம் சர்க்கரையில் ஒன்றரை மேஜைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பழுப்புப் பொன்னிறம் வரும்வரை காய்ச்சி, 150 மில்லி வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி (சீறித் தெறிக்கும், குழந்தைகளை அடுப்படியிலிருந்து விரட்டுங்கள்), 250 கிராம் சர்க்கரையும் எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றும் போட்டு, சின்னத் தீயில் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை விட்டால் போதும். சூட்டில் நீர்க்கத்தான் இருக்கும், ஆறினால் தேன் போலத் திரளும். தேனே விட்டும் செய்யலாம், ஆனால் சீக்கிரம் கருகிவிடுகிறது.

இனி அந்தப் பெரிய தப்பு.

கை பழகியதும் வாராவாரம் செய்ய ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. காபியில் சர்க்கரையை நிறுத்தியவர், கல்யாண வீட்டில் ஜாங்கிரியை நகர்த்தி வைப்பவர். ஆனால் இதை மட்டும் சாயங்காலம் இரண்டு, ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு என்று எடுத்துக்கொண்டார். நானும், ஓட்ஸ்தானே, அதிலும் நாட்டுச் சர்க்கரைதானே என்று தட்டை அவர் பக்கமே வைத்தேன். உடம்புக்கு நல்லது கொடுக்கிறோம் என்று ஒரு திருப்தி வேறு.

மூன்று மாசச் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7.1 இருந்தது 8.4-க்கு ஏறிவிட்டது. "புதுசா என்ன சாப்பிடறீங்க?" என்று டாக்டர் கேட்டார். இவர், "ஒண்ணுமில்ல டாக்டர், வெறும் ஓட்ஸ்தான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "என்ன ஓட்ஸ்? எப்படிச் செய்யறீங்க?" என்று அவர் என் பக்கம் திரும்பினார். சொன்னேன். கேட்டுவிட்டு, "வீட்டுக்குப் போய் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

பெண்ணின் நோட்டில் கணக்குப் போட்டேன். சர்க்கரை 125 கிராம். சிரப்பில் ஏறக்குறைய 45. ஆக 170. பதினாறு துண்டுக்கு வகுத்தால் ஒரு துண்டில் பத்தரை கிராம், அதாவது இரண்டரை டீஸ்பூன். நாலு துண்டுக்குப் பத்து டீஸ்பூன்! சர்க்கரை இல்லாத காபிக்குத் தொட்டுக்கொள்ள, நானே என் கையால் தினம் பத்து டீஸ்பூன் கொடுத்திருக்கிறேன். நல்ல ஆரோக்கியமானவர்களே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்திக்கொள்வது உத்தமம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச் சர்க்கரையானாலும் வெள்ளைச் சர்க்கரையானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. நிறத்தைப் பார்த்து நான்தான் ஏமாந்தேன்.

ஓட்ஸ் நல்லது என்பது பொய் இல்லை. அதிலுள்ள பீட்டா குளுகன் என்ற நார்ச்சத்து கெட்ட கொழுப்பைக் குறைக்க உதவுகிறது. ஆனால் அதற்குத் தினம் மூன்று கிராம் வேண்டும். அது ஏறக்குறைய 75 கிராம் ஓட்ஸில் இருக்கிறது. நம் துண்டு ஒன்றில் ஓட்ஸ் 15 கிராம்தான். கொழுப்புக் குறைய வேண்டுமென்று ஐந்து துண்டு தின்றால், கூடவே போகும் வெண்ணெய் எவ்வளவு? ஏறக்குறைய 40 கிராம்! அதற்கு மோர்விட்ட ஓட்ஸ் கஞ்சியே மேல்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தும் பார்த்தேன். துண்டு நிற்கவில்லை, ஏனென்றால் ஒட்ட வைப்பதே அதுதான். பேரீச்சம்பழம் அரைத்துப் போட்டால் நிற்கிறது. அதுவும் இனிப்புதான் என்பதால், அதைச் சொல்லி இவர் தலையில் கட்டுவதில்லை.

சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தேன் விட்டுச் செய்ததை ஒரு வயசு ஆகாத குழந்தைக்குத் துளிகூடக் கொடுக்கக் கூடாது. சுட்ட பிறகும் போகாத ஒரு விஷக்கிருமி அதில் இருக்கக்கூடும். தேன் இல்லாவிட்டாலும் பல் முழுக்க முளைக்காத குழந்தைக்கு இது தொண்டையில் அடைக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு மாசத்தில் இரண்டு தரம் டிபன் டப்பாவில் ஒரு துண்டு வைக்கலாம். ஒட்டிக்கொள்ளும் பண்டம், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கி இறுக மூடினால் ஒரு வாரம் கெடாது. மழைக்காலத்தில் மட்டும் பிசுபிசுக்கும்.

இப்போது மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவன் ஏற்றுகிறேன். எட்டுத் துண்டு உடனே மாடி வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். இவருக்கு ஒரு துண்டு, அதுவும் அன்றைக்குச் சாதத்தைக் குறைத்துக்கொண்டால். அதை நாலாக நறுக்கி, பேப்பர் படித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் சாப்பிடுகிறார். போன தடவை பரிசோதனையில் 7.3 வந்திருக்கிறது. சிங்க டப்பாவில் கடுகு போட்டு வைத்திருக்கிறேன்.