விழுங்கியதை மீட்ட மருத்துவர்

செவாலியர் ஜாக்சன் 1865-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் 1886-ல் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று, அந்நாளில் பேர்பெற்ற தொண்டை மருத்துவர் மொரெல் மெக்கன்சியின் சிகிச்சை முறைகளை நேரில் கண்டு, ஊர் திரும்பித் தொண்டை வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டார்.

காசையோ ஊக்கையோ குழந்தை விழுங்கிவிட்டால் அப்போது பெற்றோருக்குப் போக்கிடம் அதிகமில்லை. உள்ளே கண்ணால் பார்க்காமல் கொக்கியை விட்டுத் துழாவுவார்கள். இல்லையேல் கத்தியை எடுப்பார்கள். 1897-ல் ஜெர்மனியின் குஸ்டாவ் கில்லியன், நேரான குழாயை வாய்வழியே செலுத்தி மூச்சுக்குழலில் சிக்கிய எலும்புத் துண்டை எடுத்துக் காட்டினார். வெளியிலிருந்து பாய்ச்சிய ஒளியே அவருக்குத் துணை. ஜாக்சன் தம் குழாய்களின் உள்முனையிலேயே சின்னஞ்சிறு மின்விளக்கைப் பொருத்தினார். பொருள் சிக்கிய இடத்திலேயே வெளிச்சம் விழுந்தது.

கருவி மட்டும் போதாது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். சிறுவயது முதலே தச்சு வேலையில் பழகிய கை அவருடையது. சிக்கியிருப்பது என்னவென்று எக்ஸ்ரே காட்டியதும், அதேபோன்ற பொருளை வைத்துப் பலமுறை எடுத்துப் பழகிய பின்பே நோயாளியிடம் போவார். வாய்திறந்த ஊக்கை அப்படியே இழுத்தால் அதன் கூர்முனை உணவுக்குழாயைக் கிழித்துவிடும். அதை உள்ளேயே மூடி எடுப்பதற்குத் தனி இடுக்கி செய்தார். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்கமருந்து கொடுக்காமலே இவற்றைச் செய்தார். மூச்சடைப்பின்போது கழுத்தில் துளையிடும் அறுவையையும் ஒழுங்குபடுத்தினார். குரல்வளையை ஒட்டி மிக மேலே துளையிட்டால் பின்னாளில் மூச்சுவழி சுருங்கிப்போகும் என்று 1921-ல் அவர் எழுதியது பல மருத்துவர்களின் பழக்கத்தை மாற்றியது.

அவர் செய்தவற்றுள் மிகப் பெரியதாகச் சொல்லத்தக்கது அறுவை மேசைக்கு வெளியே நடந்தது. சோப்புக் காய்ச்சவும் அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயைத் திறக்கவும் வீடுகளில் வைத்திருந்த காஸ்டிக் சோடாவைச் சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொண்டார்கள். உணவுக்குழாய் வெந்து, தழும்பேறிச் சுருங்கி, தண்ணீர்கூட இறங்காமல் அவர்கள் மெலிந்தார்கள். அப்படி வந்த ஒரு சிறுமியின் அடைப்பை நீக்கியதும், அவள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு அவருடைய கையில் முத்தமிட்டதைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். டப்பாக்களில் நச்சு எச்சரிக்கையும் முறிவுமருந்துக் குறிப்பும் கட்டாயம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1927-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது.

இடையிடையே காசநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. படுத்தபடியே நூல் எழுதினார். 1916-ல் பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் கற்பித்தார். எடுத்த பொருள் ஒவ்வொன்றையும், காசு உட்பட, உரியவரிடம் திருப்பித் தராமல் நோயாளியின் விவரத்தோடு சேர்த்து வைத்தார். அடுத்த மருத்துவர் அதைப் பார்த்துக் கற்கவேண்டும் என்பதே காரணம். அப்படிச் சேர்ந்த 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜாக்சன் 1958-ல், 92-ஆம் வயதில் காலமானார்.