ஆளுக்கொரு லைசென்ஸ் கோப்பு

மென்பொருளை யாருக்குக் கொடுத்தாலும் உரிமத்தின் நகலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் நிபந்தனை. 2007-இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு ஏறக்குறைய 35 கிலோபைட். ஒரு லினக்ஸ் கணினியில் ஆயிரத்துக்கு மேல் பேக்கேஜ்கள் இருப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு நகலைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும்?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இதற்கு எளிய வழி கண்டது. 'காமன் லைசென்சஸ்' என்ற ஒரே கோப்புறையில் ஜிபிஎல், அப்பாச்சி, மொசில்லா போன்ற உரிமங்களின் முழு வாசகமும் இருக்கும். அதைக் கொண்டுவரும் 'பேஸ்-ஃபைல்ஸ்' பேக்கேஜ் இல்லாமல் டெபியனே இல்லை. மற்ற பேக்கேஜ்கள் 'முழு வாசகம் அங்கே' என்று கைகாட்டினால் போதும். கூடுதல் நகல் நுழைந்தால் 'லிண்டியன்' என்ற சோதனைக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் பலரும் பயன்படுத்தும் எம்ஐடி உரிமம் அந்தக் கோப்புறையில் கிடையாது. காரணம், அதன் தலைப்பில் உள்ள பதிப்புரிமை வரி. நிபந்தனைகள் ஒன்றே என்றாலும், எழுதியவர் பெயரும் ஆண்டும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த வரியையும் காப்பாற்றச் சொல்கிறது உரிமம். பிஎஸ்டி உரிமம் கோப்புறையில் இருக்கிறது, அதுவும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பெயரோடு. வேறொருவர் எழுதிய நிரலுக்கு அதைக் கைகாட்ட முடியாது.

ஆண்ட்ராய்டு செயலி உருவாக்குவோர் இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சந்திப்பார்கள். இரண்டு நூலகங்கள் 'மெட்டா-இன்ஃப்' கோப்புறைக்குள் 'லைசென்ஸ்.எம்டி' என்ற ஒரே பெயரில் கோப்பு வைத்திருந்தால், செயலியைக் கட்டும் பில்ட் அங்கேயே நின்றுவிடக்கூடும். அவசரத்தில் இருப்பவர் 'எக்ஸ்க்ளூட்' என்று ஒரு வரி சேர்ப்பார். பிழை போய்விடும், கூடவே இரண்டு உரிமங்களும். 'பிக்ஃபர்ஸ்ட்' போட்டால் ஒன்று தங்கும், மற்றவர் பெயர் காணாமல் போகும். இரண்டையும் ஒட்டிச் சேர்க்கும் 'மெர்ஜ்' இருந்தும் பலர் அந்தப் பக்கம் போவதில்லை. கைப்பேசி அமைப்புகளில் யாரும் படிக்காத நீளமான ஓப்பன் சோர்ஸ் உரிமப் பக்கம் ஒன்று இருக்குமே, அது இந்தக் கடனைத் தீர்க்கத்தான்.

இதற்கு நேரெதிரான வேடிக்கையும் உண்டு. 1991-இன் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பில் அதை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் அஞ்சல் முகவரி இருந்தது. அலுவலகம் இடம் மாற மாற நகல்களிலும் முகவரி மாறியது. உரிமம் ஒன்றுதான், பைட் பைட்டாக ஒப்பிடும் கருவிக்கோ அவை வெவ்வேறு கோப்புகள். பழைய முகவரியைக் கண்டால் ஃபெடோரா லினக்ஸில் பயன்படும் 'ஆர்பிஎம்லின்ட்' சோதனைக் கருவி எச்சரிக்கும். ஆனாலும் பேக்கேஜ் கட்டுபவர் உரிமக் கோப்பில் தானே கை வைக்கக் கூடாது. மூல ஆசிரியருக்குச் சொல்லித்தான் திருத்த வேண்டும்.