ஆராய்ச்சி நிலையத்தின் பலகை மாறினால் உங்கள் விதைநெல் என்ன ஆகும்?

ஆடுதுறை 36, அம்பை 16, பி.கே.எம்.1 முருங்கை. இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் விதை கேட்கிறோம். இவை ஒவ்வொன்றும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயர். ஆடுதுறையில் 1922-லும் அம்பாசமுத்திரத்தில் 1937-லும் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையங்கள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் அவற்றை நடத்தும் நிர்வாகமும், பணம் வரும் வழியும் நடுவில் மாறிவிட்டன. அப்படி மாறும்போது அங்கே வேலை செய்பவர்களை எப்படி வழிநடத்துகிறார்கள் என்பது உங்கள் விதை மூட்டையையும் தொடும் விஷயம்.

மதுரை கே.கே. நகரிலிருந்து மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் சாலையில் போனால், யானைமலைப் பக்கம் ஒத்தக்கடையில் வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் வரும். 1965-ல் தொடங்கியபோது அது அரசுக் கல்லூரி. 1971 ஜூன் 1-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானதும் அதன் உறுப்புக் கல்லூரியானது. வேளாண் துறையின் ஆராய்ச்சிப் பொறுப்பும் பல்கலைக்கழகத்துக்குப் போனது. விரிவாக்கப் பணி துறையிடமே நின்றது. நெல்லில் புது நோய் வந்தால் ஒத்தக்கடைக்கும், மானிய விதை வேண்டுமென்றால் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கும் நீங்கள் தனித்தனியாக அலைவது அந்தப் பிரிவினையால்தான்.

பணமும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு மானியம் தருகிறது. அகில இந்திய ஒருங்கிணைந்த பயிர்த் திட்டங்களில் 75 சதவீதம் டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் 25 சதவீதம் மாநிலத் தரப்பும் போடுகின்றன. வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு முழுப் பணமும் டெல்லியிலிருந்துதான். ஆகவே, ஒரே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்து அறையில் உட்காரும் இருவருக்கு வெவ்வேறு வழியில் சம்பளம் வரலாம். மாற்றம் என்ற பேச்சு எழுந்தால் இருவருக்கும் கவலை ஒன்றாக இருக்காது. இதைப் புரியாமல் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரே சொற்பொழிவு ஆற்றுவதில் பயனில்லை.

இப்போது விதைக்கு வருவோம். ஆராய்ச்சி நிலையம் விளைவிப்பது வல்லுநர் விதை, அதற்கு மஞ்சள் அட்டை. அதை விதைத்து எடுப்பது ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து வருவதுதான் உங்கள் கைக்குக் கிடைக்கும் நீல அட்டை சான்று விதை. ஒவ்வொரு படிக்கும் ஒரு போகம் வேண்டும். நிலையத்தில் இந்தப் போகம் கூலிக்குப் பணம் வராமல் வல்லுநர் விதை வயல் கெட்டுப்போனால், அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு போகம் கழித்து விதை கிடங்கில் நீங்கள் கேட்கும் ரகம் இருக்காது. அதற்குள் காரணமும் மறந்துபோயிருக்கும்.

அந்த வயலில் கலவன் பறிப்பது பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர்கள். தாள் உயரம், இலை நிறம், பூக்கும் நாள் ஆகியவற்றைப் பார்த்தே வேற்றுச் செடியைக் கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண் இரண்டு நாள் பயிற்சியில் வராது. நிர்வாகம் மாறும்போது முதலில் விட்டுப்போவது இவர்கள்தான், ஏனென்றால் நிரந்தரப் பட்டியலில் பலரது பெயர் இருக்காது. விஞ்ஞானிக்கு இன்னொரு நிலையத்தில் இடம் கிடைத்துவிடும். நாள்கூலிக்காரர் கட்டட வேலைக்குப் போய்விட்டால் திரும்பி வருவது அரிது.

எனவே, பொறுப்பில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது திட்டத்தின் பெருமையைச் சொல்வது அல்ல. அடுத்த மாதச் சம்பளத்தில் யார் கையெழுத்துப் போடுவார், பணிமூப்பும் ஓய்வூதியமும் தொடருமா, திட்டப் பணியாளருக்கு எந்தத் தேதி வரை வேலை, கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பவற்றை எழுத்தில் தர வேண்டும். முடிவாகாத விஷயத்தை முடிவாகவில்லை என்றே எழுதித் தரலாம், வதந்தியைவிட அது மேல். பாகப்பிரிவினையில் நிலத்தை அளந்து கொடுத்துவிட்டு, பொதுக் கிணற்று மோட்டாரை யார் பழுது பார்ப்பது என்று பேசாமல் விட்ட குடும்பங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான்.

நாள் குறிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கணக்கு மார்ச் 31-ல் முடிகிறது, கோடைப் பயிர் அன்று வயலில் நிற்கிறது. அறுவடைக் கூலி பழைய கணக்கா, புதிய கணக்கா என்று கோப்பு சுற்றினால் கதிர் காத்திருக்காது. இதை முன்பே தீர்த்து வைத்த பிறகே சாவியை மாற்ற வேண்டும்.

நன்றாக நடந்ததும் உண்டு. கோயம்புத்தூரில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உர ஆய்வு வயல், வெள்ளைக்காரர் காலம், அரசுத் துறை, பல்கலைக்கழகம் என எல்லாவற்றையும் கடந்து நிற்கிறது. தொழுவுரம் மட்டும் போட்டால், ரசாயன உரம் மட்டும் போட்டால் மண் என்ன ஆகிறது என்பதற்கு நூறாண்டுக்கு மேலான சான்று அது. அதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட், 1843-லிருந்து. அதை நிறுவிய லாஸ், தமக்குப் பிறகும் ஆய்வு நிற்கக் கூடாதென்று 1889-ல் ஒரு லட்சம் பவுண்டு ஒதுக்கி அறக்கட்டளை வைத்தார். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-ல் வேளாண் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 1989-ல் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கும் 2012-ல் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் போனது. மூன்று வீடு மாறியும் பாடம் நடக்கிறது.

உங்கள் பக்கத்து நிலையத்தில் மாற்றம் என்று கேள்விப்பட்டால் சும்மா இருக்க வேண்டாம். உங்கள் நிலத்தில் அவர்களுடைய சோதனை வயல் இருந்தால், இடுபொருள் யார் தருவது, மகசூல் யாருக்கு, விதை பொய்த்தால் யார் பொறுப்பு என்று புதிய நிர்வாகத்திடம் எழுதி வாங்குங்கள். மண் பரிசோதனை முடிவின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர்தான், ஆகவே நல்ல வயலில் ஒரு பாத்தியைக் கலவன் பறித்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கலாம். வீரிய ஒட்டு ரகத்தில் இது ஆகாது. கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில், இந்தப் போகம் வல்லுநர் விதை எத்தனை ஏக்கரில் போட்டிருக்கிறார்கள், அதற்குக் கூலி ஒதுக்கியாயிற்றா என்று கேளுங்கள்.